டோல்கேட் தாண்டினால் உலை

செய்தி வந்தால்தான் கொளஞ்சி உலை வைப்பாள். மணி பார்ப்பதில்லை.

புருஷன் கலைவாணனின் லோடு வண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் வங்கியிலிருந்து அவள் போனுக்குச் செய்தி வரும். இன்ன வண்டி, இன்ன டோல்கேட், இவ்வளவு பிடித்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் இருக்கும். கொளஞ்சி எட்டாவது வரை படித்தவள். டோல்கேட்டின் பேரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வாள். சமயபுரம் என்றால் அவர் இன்னும் தூரத்தில் இருக்கிறார். உளுந்தூர்ப்பேட்டை என்றால் பாத்திரத்தைக் கழுவி வைக்கலாம். ஊருக்குப் பக்கத்து டோல்கேட் என்றால் அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிடலாம். சோறு வடித்து நிமிர்த்தும்போது வாசலில் வண்டி நிற்கும். கலைவாணன் கைகால் கழுவிக்கொண்டு உட்காருவான். சூடு ஆறாத சோறு. அவனுக்கு அப்படித்தான் வேண்டும்.

எல்லா வண்டிக்கும் டோல் காசைத் தானாகப் பிடிக்கும் ஸ்டிக்கர் ஒட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தபோது கலைவாணனும் டோல்கேட் ஓரத்தில் குடை போட்டு விற்றவனிடம் ஒன்று வாங்கினான். அந்த வாரம் அவன் போன் தண்ணீரில் விழுந்திருந்தது. பொண்டாட்டி நம்பரைக் கொடுத்தான். இன்னொருவன் போனை வாங்கிக் கூப்பிட்டு, "ஒரு நம்பர் வந்திருக்கும், படி" என்றான். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். அன்றிலிருந்து அவன் தாண்டும் டோல்கேட் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"வேவு பாக்குறா மாதிரி ஆயிடுச்சி. நம்பர மாத்திடவா?" என்று ஒருமுறை கேட்டான்.

"மாத்து. மாத்திட்டு ஆறுன சோத்தத் தின்னு."

மாற்றவில்லை.

இதெல்லாம் முன்பு. அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு ஐப்பசி ஆகிறது. செய்தி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கொளஞ்சியும் உலை வைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமான அரிசியோடு ஒரு பிடி அதிகம். மறுநாள் காலையில் அது பழையது ஆகும். அவளும் மகள் அபியும் சாப்பிடுவார்கள்.

சண்டை வீட்டைப் பற்றியது. புதுச்சேரி உழவர்கரையின் மேற்குக் கோடியில், விழுப்புரம் ரோட்டின்மேல் இருந்த வீடு அது. கொளஞ்சியின் அப்பன் கட்டிக் கொடுத்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது முன்கட்டு முழுக்கப் போயிற்று. பின்கட்டும் அடுப்படியும் ஒரு முருங்கை மரமும் மிஞ்சின. அடுப்படிக் கதவே தெருக்கதவு ஆனது. முன்கட்டுக்குக் கிடைத்த பணத்தில் கலைவாணன் லோடு வண்டி வாங்கினான். நெற்றியில் 'அபி' என்று மஞ்சளில் எழுதினான். யாராவது புது வண்டியா என்று கேட்டால் கொளஞ்சி, "எங்க வூட்டு முன்கட்டு. ரோட்டுல ஓடுது" என்பாள்.

பிறகு அவன் பெரிய வண்டி வாங்க ஆசைப்பட்டான். பின்கட்டையும் விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாம் என்றான். அவள் மாட்டேன் என்றாள். பேச்சு வளர்ந்தது.

"பாதி வூட்ட ஓட்டிக்கினு திரியற. மீதியாவது நின்ன எடத்துல நிக்கட்டும்" என்றாள். "எங்கப்பன் சொத்த டீசல் ஊத்திக் கொளுத்தத்தான் நீ வந்தியா?"

அவன் விடிந்ததும் இரண்டு கைலியை எடுத்துக்கொண்டு லோடு ஏற்றப் போனான். போனவன் வரவில்லை. கொஞ்ச நாள் அபியிடம் போனில் பேசினான். அப்புறம் அந்த நம்பரும் அணைந்துவிட்டது.

*

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஆனந்தமேரியின் மெஸ். கொளஞ்சி அங்கே விடியலில் இட்லித் தட்டில் தொடங்கி, மதியம் மீன் குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதோடு வேலையை முடிப்பாள். சாப்பிட வருகிறவர்கள் பாதிப் பேர் நோயாளிகளோடு வந்தவர்கள். மீதிப் பேர் ஓட்டுநர்கள். அவர்கள் உட்கார்ந்தால் டோல்கேட் பேச்சுதான்.

அன்றைக்கு ஆரம்பித்தது சூசைநாதன். சென்னை ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஓட்டுகிறவர். பிரான்சுக்குப் போகிறவர்களை ஏற்றிப்போவார், வருகிறவர்களை அழைத்து வருவார்.

"நேத்து ஸ்டிக்கர்ல காசு இருக்குது. மிஷினு இல்லங்குது. ரெண்டு பங்கு கட்டுங்கறான். பின்னாடி பாரீசுக்குப் போற அம்மா உக்காந்துகினு 'அலோர், அலோர்'னு பிரெஞ்சுல அவசரப்படுத்துது."

"கட்டினியாண்ணா?" என்றான் பக்கிரி. செங்கல் லோடு அடிப்பவன்.

"கட்டாம? பிளேனு என்ன என் மாமன் வூட்டுதா, எனக்கோசரம் நிக்கறதுக்கு?"

"நான் அந்தப் பக்கமே போறதில்ல. ஊருக்குள்ள பூந்து ஏரிக்கரை மேல ஏறி அந்தாண்ட எறங்கிடுவேன்."

"டீசலு போவுதே."

"போவட்டும். டோலுக்குப் போவுலயே."

கொளஞ்சி சட்னி ஊற்றிக்கொண்டே சிரித்தாள். பக்கிரி இலையை மறைத்து, "போதும்க்கா. ஏரிக்கரைல இப்ப ஊர்க்காரனுங்க குறுக்க கட்டையப் போட்டு அவனுங்களும் வசூல் பண்றானுங்க" என்றான்.

"அப்ப அதுவும் டோலுதான்."

"அதான்க்கா. ஆனா ரசீது இல்ல."

சூசைநாதன் காப்பியை ஆற்றினார். "மொத மொத ஈசிஆர்ல கேட்டு போட்டப்ப சைக்கிள் எடுத்துகினு பாக்கப் போனோம். ரோட்டுக்கு எவனாவது காசு கேப்பானான்னு. அப்புறம் பழகிப்போச்சி. சில்ற இல்லன்னா மிட்டாய் குடுப்பான். வூட்டுக்கு வந்தா பசங்க சட்டப் பாக்கெட்டத் தடவும். எத்தினி மிட்டாயோ அத்தினி கேட்டு. அத வச்சி அப்பன் எம்மாந்தூரம் போயாந்தான்னு சொல்லும்."

கல்லாவில் இருந்த ஆனந்தமேரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "எங்க பெரியம்மா சொல்லும். பிரெஞ்சுக்காரன் காலத்துல எல்லையில துவான் இருந்துச்சாம். சுங்கம். கடலூர்ல கல்யாணம்னு பட்டுப் பொடவைய ஒண்ணு மேல ஒண்ணா மூணு கட்டிக்கினு மாட்டு வண்டில போச்சாம். அந்தாண்டச் சுங்கக்காரன் வயித்தப் பாத்துட்டு, 'புள்ளத்தாச்சி, வண்டிய வுடு'ன்னானாம்."

"அப்ப ஆளப் பாத்து வுட்டான். இப்ப கண்ணாடியத்தான் பாக்குறான்" என்றார் சூசைநாதன். "உள்ள எவன் உக்காந்திருந்தா அவனுக்கு இன்னா?"

மடியில் போன் ஒலித்தது. கொளஞ்சி கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"வந்துடுச்சா?" என்றாள் ஆனந்தமேரி. மெஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

"போறாருக்கா. சாயங்காலம் திரும்புவாரு."

தை மாதத்திலிருந்து செய்திகளின் போக்கு மாறியிருந்தது. சமயபுரமும் உளுந்தூர்ப்பேட்டையும் நின்றுபோயின. ஈசிஆரில், கனகசெட்டிக்குளம் தாண்டி, புதுச்சேரி எல்லைக்கு அந்தப்புறம் இருக்கும் டோல்கேட் மட்டுமே வந்தது. காலையில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை. ஒரு பஸ்சில் ஏறினால் போய் இறங்கிவிடும் தூரம்.

அவர் கிட்டே வந்துவிட்டார் என்று கொளஞ்சி எண்ணினாள். வட்டம் சுற்றிச் சுற்றிச் சிறுக்கிறது. போய் நிற்கத்தான் தோன்றும். போய் நின்றால் அந்தப் பக்கம் வருவதையும் விட்டுவிடுவாரோ என்று பயம். வரட்டும், தானாக வரட்டும் என்று இருந்தாள்.

எப்போதாவது வேறு ஒரு செய்தியும் வரும். ஸ்டிக்கரில் பணம் ஏற்றப்பட்டது என்று. அதை அவள் பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அதில் ஊர்ப் பேர் இருக்காது.

*

வங்கியிலிருந்து புதிதாக வந்த செய்தியை அபிதான் படித்துச் சொன்னாள். அவள் நர்சிங் இரண்டாம் வருஷம்.

"வண்டிய சரி பாக்கணுமாம். முன்னாடி நின்னு போட்டோ எடுத்துப் போடச் சொல்றான். ஸ்டிக்கரு, நம்பர் பிளேட்டு ரெண்டும் தெரியணும். வண்டியோட ஆர்சி புக்கும் கேக்குறான். மாசக் கடைசிக்குள்ள போடலன்னா ஸ்டிக்கர மூடிடுவானாம்."

"மூடினா?"

"மெசேஜ் வராதும்மா."

கொளஞ்சி முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பையும் இலையையும் ஒரே பக்கம் போட்டாள்.

"உங்கப்பா வேற வாங்கிப்பாரு இல்ல?"

"வாங்கிப்பாரு. அவரு நம்பர்ல வாங்கிப்பாரு."

மழை தூறத் தொடங்கியது. ரோட்டில் லாரிகள் போனால் பின்கட்டின் சுவர் அதிரும். அலமாரிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசும்.

"வுடும்மா. மூடிட்டுப் போவட்டும்" என்றாள் அபி. "இன்னா வந்துட்டாரா? மெசேஜுதான் வந்துச்சி. தெனம் ஒரு ஆளு சோறு வடிச்சி தெனம் நாம பழையது துன்றோம்."

"பழையது ஒடம்புக்கு நல்லதுன்னு நீதானடி சொன்ன? காலேஜ்ல சொல்லித் தந்தாங்கன்னு."

"ம்மா."

"இன்னாடி?"

அபி கீரைத் தட்டை இழுத்துக் காம்பைப் பொறுக்கினாள்.

மறுநாள் மதியம் கொளஞ்சி சட்டியைக் கவிழ்த்துவிட்டு, ஆனந்தமேரியிடம் கொஞ்சம் மீன் குழம்பை டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"யாருக்கு?"

"ஈசிஆர் வரைக்கும் போயி வரேன்க்கா."

ஆனந்தமேரி டப்பாவைத் திரும்ப வாங்கி, இரண்டு துண்டு மீனைக் கூடுதலாகப் போட்டு மூடினாள். நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "கோவமாப் பேசாத" என்றாள்.

*

மரக்காணம் பஸ் டோல்கேட்டுக்கு முன்பே ஓரமாக நிறுத்தி அவளை இறக்கிவிட்டது. தூறல் விட்டிருந்தது. வெள்ளரிப் பிஞ்சும் அவித்த வேர்க்கடலையும் விற்கிற பெண்கள் பாலிதீனைப் போர்த்திக்கொண்டு வரிசையில் போகும் வண்டிகளுக்குப் பக்கத்தில் நடந்தார்கள். கொளஞ்சி சாலையைக் கடந்து, சென்னையிலிருந்து திரும்பும் வண்டிகள் வெளியே வரும் பக்கம் டீக்கடை ஓரமாக நின்றாள். டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சூடு இருந்தது.

தை மாதத்திலிருந்து எழுத்தாகப் படித்த இடம். தகரக் கூரை, நாலைந்து கூண்டு, ஏறி இறங்கும் கம்பி. இவ்வளவுதானா என்று இருந்தது.

அவள் இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் கம்பிக்கு முன் நின்றுவிட்டது. ஸ்டிக்கர் படிக்கவில்லை. கூண்டிலிருந்து ஒரு பெண் கைமிஷினோடு இறங்கி வந்து கண்ணாடியில் வைத்து வைத்துப் பார்த்தாள். காரோட்டி தலையை வெளியே நீட்டினான்.

"காலைல படிச்சதும்மா. இப்ப இன்னா, எழுத்து மறந்துபோச்சா உன் மிஷினுக்கு?"

"பிளாக்லிஸ்ட்னு காட்டுது சார்."

"நானா பிளாக்லிஸ்ட்டு? உங்க ரோட்டுல இருக்கிற பள்ளத்துக்கு நான்தான் உங்கள போடணும்."

"ரெண்டு பங்கு கேஷா குடுத்துட்டுப் போங்க சார். பின்னாடி வண்டி நிக்குது."

"நிக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

பின்னால் ஹாரன்கள் எழுந்தன. கொளஞ்சி வரிசையைப் பார்த்தாள். காருக்குப் பின்னால் ஒரு வேன். அதன் பின்னால் ஒரு பஸ். பஸ்சுக்கு அந்தப்புறம், பாதி மறைந்து, மஞ்சள் எழுத்தில் 'அபி'.

டம்ளரை வைத்துவிட்டாள்.

வண்டியின் கண்ணாடியில் ஈரம். துடைப்பான் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. உள்ளே இருப்பவரின் முகம் தெரியவில்லை. கை மட்டும் வெளியே தொங்கியது. அந்தக் கை கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவரும் இப்படித்தான் தட்டுவார். அவள் டப்பாவை எடுத்தாள், உள்ளே வைத்தாள், மறுபடி எடுத்தாள். முதல் வார்த்தை என்ன சொல்வது என்று பஸ்சில் வரும்போது யோசித்து வைத்திருந்தாள். அது நினைவுக்கு வரவில்லை. சாப்ட்டியா என்று கேட்டால் போதும் என்று தோன்றியது.

காரோட்டி பணத்தை எறிந்தான். கம்பி உயர்ந்தது. வேன் போனது. பஸ் போனது. 'அபி' கம்பியிடம் வந்து ஒரு கணம் நின்றது. அவள் மடியில் போன் ஒலித்தது.

வண்டி மெல்ல அவளை நோக்கி வந்தது. ஆள் மெலிந்து கறுத்துப்போய்விட்டதாகத்தான் முதலில் நினைத்தாள். வண்டி டீக்கடை ஓரம் ஒதுங்கியது. கதவைத் திறந்து இறங்கியவனுக்குக் கலைவாணனை விடப் பத்து வயசு குறைவு இருக்கும். மீன் கவிச்சி அவனுக்கு முன்னால் வந்தது.

"ஒரு டீ போடு மாமா, ஸ்ட்ராங்கா" என்றான். பிறகு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவளைப் பார்த்தான். வண்டியின் நெற்றியைத் திரும்பிப் பார்த்தான்.

"அபி அம்மாவா நீங்க?"

கொளஞ்சி தலையசைத்தாள்.

அவன் பேர் பாவாடை. கனகசெட்டிக்குளத்துக்காரன். மீன் ஏலம் எடுத்து மரக்காணம் பக்கத்து ஊர்களுக்கு ஏற்றிப்போகிறவன். அவளை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினான்.

"தை மாசம் வாங்கனேன்க்கா. கடலூர் முதுநகர்ல வச்சிக் குடுத்தாரு. ஆர்சில பேரு மாத்திக்கன்னு சொல்லிக்கினேதான் இருந்தாரு. நான்தான் இன்னிக்கி நாளைக்கின்னு இருந்துட்டேன்."

"நல்லா இருந்தாரா?"

"கண்ணு சரியில்லன்னாரு. எதிர்ல லைட்டு வந்தா ரோடே தெரிலயாம். ஒரு தடவ தடுப்புல ஏத்திட்டாராம். இனிமே ஸ்டியரிங்க புடிக்கமாட்டேன்னாரு. எதோ கம்பெனில கேட்டாண்ட உக்கார்ற வேலன்னாரு. எந்த ஊருன்னு கேட்டேன், சொல்லல."

"என்னாண்ட வந்து சொல்றதுக்கு இன்னா?"

பாவாடை டீயைக் கீழே வைத்தான்.

"நானும் கேட்டேன். இது அவ வூட்டு முன்கட்டுப்பா, இத வித்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு போயி நிப்பேன்னாரு."

டோல்கேட்டில் கம்பி ஏறியது, இறங்கியது. கொளஞ்சி அதையே பார்த்தாள்.

"சாவி குடுக்கறப்ப ஒண்ணு சொன்னாரு. எத வேணா மாத்திக்க, ஸ்டிக்கர மட்டும் பிய்க்காத. வூட்டுக்கு மெசேஜ் போவும், அதப் பாத்துத்தான் அவ அடுப்பு பத்த வப்பான்னாரு. எனக்கும் புதுசு வாங்கற வேல மிச்சம். வுட்டுட்டேன்." அவன் தலையைச் சொறிந்தான். "தப்புதான்க்கா. உங்க காசுல போயிக்கினு இருக்கேன். ஒரு நாள் வந்து குடுத்துடணும்னு நெனைப்பேன்."

"எங்க காசுலயா?"

"ஸ்டிக்கருக்குக் காசு நீங்கதான போடறீங்க?"

"நான் போடல."

"நானும் ஒரு ரூபா போட்டதில்லக்கா. கொறையற நேரம் பாத்து அதுவா ஏறிக்கும். இந்த மாசம் கூட ஏறிச்சே."

"வண்டி நம்பர் தெரிஞ்சா எங்கருந்து வேணா ஏத்தலாம்க்கா" என்றான் பாவாடை மெல்ல. வெள்ளரிக்காரப் பெண் வந்து கூடையை நீட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

கொளஞ்சி எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள்.

"வண்டிய முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்" என்றாள். "ஸ்டிக்கரு தெரியணும். இல்லன்னா மூடிடுவாங்களாம்."

"எடுங்கக்கா. அதுக்கின்னா."

அவன் தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தான். நம்பர் பிளேட்டில் இருந்த சேற்றை விரலால் வழித்தான். தலைக்கு மேலிருந்த பையிலிருந்து ஆர்சியை எடுத்துக் கொடுத்தான். அதில் கலைவாணன் என்றுதான் இருந்தது. அவள் எடுத்த முதல் படம் கலங்கிவிட்டது. பாவாடை போனை வாங்கி அவனே எடுத்தான்.

கிளம்பும்போது அவள் டப்பாவை அவனிடம் நீட்டினாள்.

"மீன்காரனுக்கு மீன் கொழம்பாக்கா?" என்றான். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். ஐஸ் பெட்டியைத் திறந்து இரண்டு வவ்வால் மீனை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தான்.

*

அபி வாசலில் நின்றிருந்தாள்.

"அப்பா எப்டி இருக்காரு?"

"வண்டிதான் வந்துச்சி" என்றாள் கொளஞ்சி. மீனை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கத்தியை நிறுத்தினாள். அபி கேட்டு முடித்து, போனை வாங்கிக்கொண்டு சுவர் ஓரம் போய் உட்கார்ந்தாள். வெகு நேரம் திரையைத் தட்டினாள்.

"போட்டுட்டேன்" என்றாள். "ஓகேன்னு வந்துடுச்சி."

மறுநாள் பொழுது சாயும்போது செய்தி வந்தது. கொளஞ்சி பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ம்மா, மெசேஜ்."

"பாவாட போறான்."

அன்று இரண்டு பேருக்கு மட்டும் வடித்தாள். அதற்கு அடுத்த நாட்களும் அப்படியே. காலையில் பழையது இல்லை. மெஸ்ஸில் போன் ஒலித்தால் ஆனந்தமேரி வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். சூசைநாதன் ஒருநாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "கம்பெனி பேரு தெரிஞ்சா சொல்லும்மா. நான் போற வழில எறங்கி விசாரிக்கிறேன். டோலு கட்டியாவது போறேன்" என்றார். பேர் தெரியவில்லை என்றாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெஸ்ஸுக்கு லீவு. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அபி படுத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தாள். போன் ஒலித்தது.

கொளஞ்சி எடுத்து எழுத்துக்கூட்டினாள். டோல்கேட் பேர் எதுவும் இல்லை. ஊர் இல்லை. பணம் ஏற்றப்பட்டது என்று மட்டும் இருந்தது.

அவள் எழுந்து கவிழ்த்திருந்த பானையை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

"இப்பதான சாப்ட்டோம்?" என்றாள் அபி.

கொளஞ்சி அரிசியை அளந்து முறத்தில் கொட்டினாள். ஒரு பிடி அதிகம் போட்டாள்.